எடை அட்டையும் மதிப்பெண் அட்டையும்

1980-இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கியின் உதவியோடு தமிழக அரசு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை தராசில் வைத்து, எடையை அட்டையில் புள்ளியாகக் குறித்தார்கள். எடை பார்ப்பது புதிதல்ல. யாருக்குக் கூடுதல் உணவு என்று முடிவு செய்த முறைதான் புதிது. மிகவும் மெலிந்த குழந்தைகளுக்கு உடனே கொடுத்தார்கள். மற்றவர்களில், எடைக் கோடு எதிர்பார்த்தபடி எழும்பாத குழந்தையைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. எடை தேறியதும் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் எதை, எத்தனை முறை ஊட்டுவது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதற்குப் பின்னால் டேவிட் மார்லி என்ற ஆங்கில மருத்துவரின் சிந்தனை இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே என்ற ஊரில் வேலை பார்த்தவர் அவர். தாய்மார்கள் தங்கள் கையிலேயே வைத்திருக்கும் வளர்ச்சி அட்டையை அங்கேதான் உருவாக்கினார். ஒருநாள் எடுத்த எடை ஒரு குழந்தையைப் பற்றி அதிகம் சொல்லிவிடாது; கோடு ஏறுகிறதா, படுத்துக் கிடக்கிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். சிறுத்த உடம்புக்காரக் குழந்தை தன் கோட்டில் சீராக ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் கோடு இரண்டு மாதம் அசையாமல் கிடந்தால் விசாரிக்க வேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு நன்றாகவே கற்றுக்கொண்டது. அதே குழந்தை மூன்று வயதில் எல்.கே.ஜி.க்குள் காலடி வைத்ததும் நாம் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். அதன் படிப்பையும் பழக்கத்தையும் பார்க்க நாம் வைத்திருக்கும் கருவி மதிப்பெண் அட்டை. அந்த அட்டை, வளர்கிற குழந்தையைப் பின்தொடர்வதற்கு ஏற்றதே இல்லை என்பது என் துணிபு.

ஒரு யு.கே.ஜி. பிராக்ரஸ் ரிப்போர்ட்டை விரித்துப் பாருங்கள். இடப்பக்கம் தமிழ், இங்கிலீஷ், மேத்ஸ், ரைம்ஸ், ஜி.கே., டிராயிங், கையெழுத்து. எதிரே பருவத்துக்கு ஒரு கட்டம்; கட்டத்துக்குள் ஏ, ஏ பிளஸ், பி. அடியில் நடத்தைக்கு ஒரே ஒரு வரி: குட், அல்லது நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட். ஜூன் மாதம் இந்தக் குழந்தை எங்கே இருந்தது, இப்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இதில் இடமில்லை. நாளைக் காலை டீச்சர் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதற்கும் இல்லை. வகுப்பில் மற்ற குழந்தைகளோடு வைத்துப் பார்த்தால் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டுமே இருக்கிறது. அந்த ஒப்பீடுதான் நான்கு வயதில் மிகவும் ஏமாற்றக்கூடியது.

வயதை எண்ணிப் பார்த்தாலே புரியும். ஜூலை 31-ஐ எல்லையாக வைத்துச் சேர்க்கும்போது, அன்றுதான் மூன்று வயது நிறைந்த குழந்தையும், அடுத்த சில நாளில் நான்கு வயது நிறையப்போகும் குழந்தையும் ஒரே எல்.கே.ஜி. பாயில் உட்காருகிறார்கள். 36 மாதமே வாழ்ந்த உயிருக்கு 12 மாத இடைவெளி என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு. பென்சிலைப் பிடிக்கும் விரல் வலு, இடத்தில் உட்காரும் பொறுமை, சொன்ன மூன்று வேலையை வரிசையாக நினைவில் வைப்பது என எல்லாவற்றிலும் அந்த இடைவெளி தெரியும். டீச்சரின் கண்ணுக்கு அது வயதாகத் தெரிவதில்லை. ‘கெட்டிக்காரக் குழந்தை’, ‘மந்தமான குழந்தை’ என்று தெரிகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் 1998-99-இல் மழலையர் வகுப்பில் சேர்ந்த 21,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசே எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தது. நேரடிச் சோதனை, ஆசிரியர் கருத்து, பெற்றோர் பேட்டி எல்லாம் அதில் உண்டு. அந்தத் தரவைக் கொண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் டாட் எல்டர் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முந்தைய மாதத்தில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே மிக இளைய குழந்தைகளில் 8.4 சதவீதம் பேருக்குக் கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு என்று முத்திரை விழுந்திருந்தது. அந்தத் தேதிக்கு அடுத்த மாதம் பிறந்து, வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களில் 5.1 சதவீதம். ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்களுக்குள் மூளையின் கோளாறு இப்படி மாறுபடக் காரணமில்லை. கூட இருந்தவர்களோடு ஒப்பிட்டதுதான் காரணம். அதுவும், ஆசிரியர்களின் பார்வை பெற்றோரின் பார்வையைவிட இந்த ஒப்பீட்டுக்கு அதிகமாக ஆட்பட்டிருந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கணக்கிலிருந்து தொடங்கலாம். ‘என் பிள்ளை நூறு வரைக்கும் சொல்லுவான்’ என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பெற்றோர் பெருமையாகச் சொல்வது. நூறு வரை சொல்வது பாட்டைப் போல மனப்பாடமாகவும் வந்துவிடும். எண் புரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கிண்ணம் புளியங்கொட்டை போதும். குழந்தையின் முன்னால் கொட்டிவிட்டு, ‘எனக்கு நாலு கொட்டை எடுத்துக் குடு’ என்று கேளுங்கள். இருபது வரை மளமளவென்று ஒப்பிக்கும் குழந்தை ஒரு கைப்பிடி அள்ளி நீட்டும். ‘இது நாலுதானா?’ என்றால் ‘ஆமா’ என்று தலையாட்டும். ஒன்று கேட்டால் சரியாக ஒன்று தரும். இரண்டு கேட்டால் இரண்டு தரும். மூன்றிலிருந்து அள்ளத் தொடங்கிவிடும்.

இதில் குறை எதுவும் இல்லை. வளர்ச்சியின் படி இது. உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையைத்தான் காட்டியது. குழந்தை முதலில் ஒன்றைப் புரிந்துகொள்கிறது, சில மாதம் கழித்து இரண்டை, பிறகு மூன்றை. அதன்பின் ஒரு கட்டத்தில், எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் சொல்தான் மொத்த எண்ணிக்கை என்பது பிடிபடுகிறது. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில் இது நடக்கும். அது பிடிபட்டபின் ஐந்து கேட்டாலும் ஏழு கேட்டாலும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக் கொடுக்கும். ஜூலையில் இரண்டோடு நின்ற குழந்தை அக்டோபரில் மூன்றைத் தாண்டியதா, ஜனவரியில் ஏழு எண்ணியதா என்று குறித்து வைத்தால் அது எடை அட்டைக் கோடு போன்ற ஒரு கோடு. ‘மேத்ஸ்: பி’ என்பதில் இந்தக் கோடு தெரியாது.

இந்தக் கோடு ஏன் முக்கியம் என்பதற்கும் சான்று இருக்கிறது. கிரெக் டங்கனும் கூட்டாளிகளும் 2007-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளின் ஆறு நீண்டகாலத் தரவுத் தொகுதிகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பள்ளியில் நுழையும்போது இருந்த எண்ணறிவுதான் பிற்காலப் பள்ளித் தேர்ச்சியை மிக வலுவாக முன்கூட்டிக் காட்டியது. எழுத்தறிவும் கவனம் குவிக்கும் திறனும் அதற்கு அடுத்து வந்தன.

எழுத்துக்கு வருவோம். எல்.கே.ஜி. முடிவதற்குள் உயிரெழுத்து முழுவதும், யு.கே.ஜி.யில் உயிர்மெய் முழுவதும் எழுத வேண்டும் என்று பல பள்ளிகள் வைத்திருக்கும் இலக்கு, தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்து வைத்தது ஆகாது. ‘கெ’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய்க்கு முதலில் வருவது ககரம். ‘கொ’வில் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. ‘கு, சு, டு, து’ நான்கிலும் ஒரே உகரம், ஆனால் நான்கு வடிவம். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறைகளை முழுமையாகப் பிடிக்கத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படும் என்று காட்டியது. தமிழின் அமைப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாலரை வயதில் ‘ணூ’ எழுதத் தடுமாறும் குழந்தையிடம் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த வயதில் கவனிக்க வேண்டியவை வேறு: சொன்ன கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறதா? ‘பட்டம்’, ‘பந்து’, ‘மாடு’ மூன்றில் எது வேறு ஒலியில் தொடங்குகிறது என்று காதால் பிரிக்கிறதா? புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தால் திருப்பி வைத்துக்கொள்கிறதா? தன் பெயரின் முதல் எழுத்தைக் கடைப் பலகையில் கண்டால் கை நீட்டிக் காட்டுகிறதா?

இதுவரை சொன்னது படிப்பு. பழக்கம், உறவு, உணர்வு ஆகியவற்றுக்கு நம் அட்டைகளில் அந்த ஒற்றை வரிதான். மிகப் பெரிய இழப்பு இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் நான்கு இடங்களில், 1990-களின் தொடக்கத்தில் மழலையர் வகுப்பில் இருந்த 753 குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய டீச்சர்கள் எட்டே கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்கிறதா, பொருளைப் பகிர்கிறதா, சண்டையைத் தானே தீர்த்துக்கொள்கிறதா, பிறருக்கு உதவுகிறதா போன்ற எளிய கேள்விகள். 25 வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்த முடிவுகளை டேமன் ஜோன்ஸ், மார்க் கிரீன்பெர்க், மேக்ஸ் கிரௌலி மூவரும் 2015-இல் வெளியிட்டார்கள். அந்த அளவுகோலில் ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்ற குழந்தை பிற்காலத்தில் கல்லூரிப் பட்டம் பெறும் வாய்ப்பு இரு மடங்கு. 25 வயதில் முழுநேர வேலையில் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம். குடும்ப வசதியையும் தொடக்கநிலைப் படிப்பறிவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. பகிரும் பழக்கம்தான் பட்டத்தைக் கொடுத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதுதான் நிரூபணமானது. டங்கன் குழுவின் ஆய்விலோ சமூகப் பழக்கங்கள் பிற்கால மதிப்பெண்ணை அவ்வளவாகக் கணித்துக் காட்டவில்லை. இரண்டிலும் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஒன்று பள்ளி மதிப்பெண்ணைக் கேட்டது, மற்றொன்று வாழ்க்கையைக் கேட்டது.

விளையாடும்போது பார்த்தால் இந்தப் பக்கம் தெளிவாகத் தெரியும். மினசோட்டாவில் ஒரு மழலையர் பள்ளியில் உட்கார்ந்து குழந்தைகளின் விளையாட்டைக் குறிப்பெடுத்த மில்ட்ரெட் பார்டன் 1932-லேயே இதற்கு ஒரு வரிசை தந்தார். தனியாக விளையாடுவது, ஓரமாக நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, பொருளை மாற்றிக்கொள்வது, கடைசியாக ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு சேர்ந்து விளையாடுவது. நம் ஊர்ச் செப்புச் சாமான் விளையாட்டில் இத்தனையும் உண்டு. நான்கு பேர் மண்ணில் சோறு பொங்குகிறார்கள். ஒருத்தி அம்மா, ஒருவன் கடைக்காரன். ஐந்தாவதாக ஒரு சிறுவன் தூண் ஓரம் நிற்கிறான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைக்கும் டீச்சர் உண்டு. எதுவும் செய்யாமல் கடந்துபோகும் டீச்சரும் உண்டு. இன்னொருவர் இரண்டு வேப்பிலையை அவன் கையில் கொடுத்து, ‘கீரை வந்திருக்குன்னு அவங்ககிட்ட சொல்லு’ என்பார். அவன் உள்ளே போக வழி கிடைத்துவிடும். அன்று மாலை அந்த டீச்சர் நோட்டில் எழுதுவது ஒரு வரியாகத்தான் இருக்கும்: ‘தூண் ஓரம் நின்றான், கீரை கொடுத்ததும் சேர்ந்தான், பேசவில்லை.’ மூன்று வாரம் கழித்து: ‘தானாகவே போய்க் கடைக்காரன் ஆனான்.’ ‘கூச்ச சுபாவம்’ என்று ஒரு முத்திரை குத்துவதைவிட இந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். எது உதவியது என்று அதில் இருக்கிறது.

பேசாத குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத குழந்தைக்குக் காரணம் பல. வீட்டில் உருதோ தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தைக்கு வகுப்புத் தமிழே புதிது. திருப்பூரில் வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைக்கும் அப்படியே. தமிழ் மட்டுமே தெரிந்த குழந்தை முதல் நாளே இங்கிலீஷ் மீடியத்தில் உட்கார்ந்தாலும் சில மாதம் மௌனம் வரும். அந்த மௌனத்தில் அது கேட்டுக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருக்கும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் ஓயாமல் பேசுகிறதா என்று கேட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அங்கேயும் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காதைச் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். மேல்சிகிச்சைக்கு மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. டீச்சரின் நோட்டில் மூன்று மாதக் குறிப்பு இருந்தால், அந்தக் குழு வரும் ஒரு காலைப் பொழுதிலேயே எந்தக் குழந்தையை முதலில் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குத் தேர்வும் பரீட்சையும் பொருந்தாத கருவிகள் என்கிறது. குழந்தையைக் கவனித்தும் அது செய்த வேலைகளைச் சேர்த்து வைத்துமே மதிப்பிட வேண்டும் என்கிறது. இந்த வடிவமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையோடு தமிழகத்துக்கு எவ்வளவோ கருத்து வேறுபாடு உண்டு. இந்த இடத்தில் வேறுபடக் காரணம் இல்லை. நம் அங்கன்வாடிகளுக்கான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் விளையாட்டை மையமாக வைத்ததுதான்.

குறிப்பு எடுப்பது மட்டும் போதாது. எடை அட்டையின் வரலாறு இதையும் சொல்கிறது. பல நாடுகளில் எடை பார்ப்பது வெறும் சடங்காகிப் போனது. புள்ளி வைத்தார்கள், கோடு படுத்துக் கிடந்தது, அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை. தமிழகத் திட்டம் பலன் தந்ததற்குக் காரணம், கோடு நின்றதும் உணவும் ஆலோசனையும் தொடங்கியதுதான். இன்று அங்கன்வாடிப் பணியாளரின் கைப்பேசியில் போஷன் டிராக்கர் செயலி இருக்கிறது. உயரம், எடை, வருகை எல்லாம் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பதிவேடு, சத்துமாவுக் கணக்கு, வீடு வீடாகச் சென்று பார்ப்பது, இடையிடையே கணக்கெடுப்பு வேலை. இத்தனைக்கும் நடுவில் இருபது குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து ஒரு வரி எழுத வேண்டும் என்று அவரிடம் கேட்டால், அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. மேலிடத்துக்கு அனுப்ப எடுக்கும் கணக்கு வேறு. குழந்தைக்காக எடுக்கும் குறிப்பு வேறு. முன்னது பெருகினால் பின்னதற்கு நேரம் இருக்காது.

இன்னொரு சிக்கல், குறிப்பு குழந்தையோடு பயணிப்பதில்லை. அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் 2011 முதல் அசாம், ராஜஸ்தான், அன்றைய ஆந்திரம் ஆகிய இடங்களில் நான்கு வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 14,000 பேரைப் பின்தொடர்ந்தன. கொள்கை ஆவணங்கள் எதிர்பார்ப்பது போல முன்பருவப் பள்ளி, அடுத்து ஒன்றாம் வகுப்பு என்ற நேர்வழியில் குழந்தைகள் போகவில்லை. அங்கன்வாடியிலிருந்து தனியார் எல்.கே.ஜி., அங்கிருந்து அரசுப் பள்ளி, சிலர் மீண்டும் பின்னோக்கி என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரிலும் இது தெரிந்த கதை. பால்வாடியில் இரண்டு ஆண்டு இருந்த குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது கையோடு வருவது ஆதாரும் பிறப்புச் சான்றிதழும்தான். அதன் அட்டையும் கூடவே வர வேண்டும். மார்லி அட்டையைத் தாயின் கையில் கொடுத்தது எதற்கு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ரேங்கும் கிரேடும் கேட்காதீர்கள். போன பருவத்தில் முடியாத எது இப்போது முடிகிறது? யாரோடு விளையாடுகிறாள்? எந்த நேரத்தில் அழுகிறாள், எதனால் தேறுகிறாள்? இந்த மூன்றையும் கேளுங்கள். வீட்டில் நீங்கள் பார்ப்பதையும் டீச்சரிடம் சொல்லுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத பள்ளி உங்கள் குழந்தையைப் பார்க்கவே இல்லை.

அரசுக்கும் ஒன்று. அலெஹான்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்து பார்த்தார்கள். 18 மாதத்தில் அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறின. வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்கிட்டார்கள். மாநிலத்தில் இருக்கும் மையங்கள் 54,000-க்கும் மேல். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிய 2,381 மையங்களிலிருந்தாவது அந்த இரண்டாவது ஆளை நிரந்தரமாக நியமிக்கத் தொடங்க வேண்டும்.